பொய்ச்சீனியும் சிவப்புக் கள்ளியும்

புட்டியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவளே ஒத்துக்கொள்வாள், ஆனால் ஒத்துக்கொள்வதற்கே ஒரு பொழுது எடுத்துக்கொள்வாள். கள்ளிச் செடி வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சியில், அத்தனை பேர் முன்னிலையில் ஒட்டுக்காரரிடம் அவள் சவால் விட்டதும் அந்த வாயால்தான்.

ஒட்டுக்காரர் சங்கத்தின் தலைவர். ஒட்டுக் கட்டிய செடிகள் விற்கும் பண்ணை வைத்திருக்கிறார். கண்காட்சியின் நடு மேசையில் வருஷா வருஷம் அவருடைய சிவப்புக் கள்ளிதான் உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு பச்சைத் தண்டு, அதன் தலையில் செக்கச்செவேலென்று ஓர் உருண்டை. பூவென்று நினைத்துக் கைவைத்தவர்கள் குத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. பச்சையம் இல்லாத செடிக்கு வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் அதை இன்னொரு பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டி வைக்கிறார்கள். கீழே இருப்பவன் சமைப்பான், மேலே இருப்பவர் நோகாமல் சாப்பிடுவார்.

"இத வெட்டித் தனியா வெச்சா செத்துடும். சொந்தக் கால்ல நிக்கவே நிக்காது, இதோட பிறவி அப்படி," என்று ஒட்டுக்காரர் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நிக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. புட்டியம்மாதான்.

"எப்படிம்மா நிக்கும்?"

"சாப்பாடு போட்டா நிக்கும். அந்தப் பச்சைத் தண்டு போடற சாப்பாட்ட நான் புட்டிக்குள்ள போடறேன் அண்ணே. அடுத்த வருஷம் இதே மேசைக்கு, ஒட்டு இல்லாம, சொந்த வேர்ல நிக்க வெச்சுக் கொண்டு வரேன். முடியலன்னா என் புட்டி அத்தனையும் உடைச்சுப் போட்டுட்டு உங்க பண்ணையில வந்து ஒட்டுக் கட்டறேன்."

கூட்டம் சிரித்தது. ஒட்டுக்காரரும் சிரித்தார். ஆனாலும் மனிதர் கண்ணியமானவர். "கொண்டு வாங்க. நின்னுச்சுன்னா என் செடிய நானே எடுத்துட்டு, உங்க புட்டிய என் கையாலயே நடு மேசையில வெக்கறேன்," என்றார்.

பக்கத்தில் நின்ற அவளுடைய கணவர், "ஏம்மா, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டுச் சொல்லியிருக்கலாமே," என்று காதோடு சொன்னார்.

"வீட்டுக்குப் போனா நீங்க என்னப் பேச விடமாட்டீங்க," என்றாள். இது அப்பட்டமான பொய்.

புட்டியம்மா சும்மா வாய்ச்சவடால் அடிக்கிறவள் அல்ல. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள். செடியிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, கிருமி நீக்கி, கண்ணாடிப் புட்டிக்குள் வைத்து முழுச் செடியாக வளர்த்தெடுக்கும் இடம் அது. மண் கிடையாது. அந்தத் துண்டுக்கு வேண்டியதெல்லாம் புட்டியின் அடியில் இருக்கும் ஊட்டக்கூழில்தான் இருக்கும். உப்புகள், வைட்டமின், வளர்ச்சி ஊக்கி, சீனி எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து, புளிப்பு சரியாக இருக்கிறதா என்று நிறம் மாறும் தாளில் தொட்டுப் பார்த்து, கடற்பாசித் தூள் போட்டுக் காய்ச்சி, புட்டிகளில் ஊற்றி, நீராவியில் வேக வைத்து ஆற விட வேண்டும். ஆறினால் கட்டியாக உறைந்துவிடும். அந்தச் சமையல்தான் அவள் வேலை. அங்கே அந்த அறைக்குப் பெயரே சாப்பாட்டு அறை.

அவள் சமைத்ததைத் தின்று வளர்ந்த செடிகள் எத்தனையோ தோட்டங்களில் நிற்கின்றன. எல்லாவற்றின் மேலும் கம்பெனியின் சீட்டுத்தான் தொங்கியது. அதை மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ரகமில்லை அவள். "சமைக்கிறது நான், பேரு உங்களுக்கா? எனக்கு வயிறு எரியுது," என்று மேலாளரிடம் நேராகவே சொன்னவள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைக் கொடுத்தார்.

ஓய்வு பெற்றதும் சமையலறையை ஒட்டியிருந்த சாமான் அறையைக் காலி செய்தாள். ஒரு பெரிய பிரஷர் குக்கர், ஒரு தராசு, முன்பக்கம் கைவிட ஓட்டை வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்று, சுவரோடு அலமாரி, தட்டுக்குத் தட்டு குழல் விளக்கு. ஊறுகாய் ஜாடி, ஜாம் புட்டி என்று அக்கம்பக்கத்தில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் வாங்கிக் கழுவி வைத்துக்கொண்டாள். அந்தப் பெயரும் அப்படித்தான் வந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒரு அறை இருந்ததில்லை, இதுதான் முதல். சவாலில் தோற்றால் போவது இந்த அறைதான், வெறும் புட்டிகளல்ல. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவன் எந்தப் பெட்டியில், எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பான் என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பாராம். இதைச் சொன்னதும் அவரேதான். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, போகலாம்," என்று சொல்லிச் சொல்லி, அது வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் அளந்து ஊற்றினாலும், மனைவி புதுச் சேலை கட்டி வந்து நின்றாலும் அதே "சரியா இருக்கு, போகலாம்".

அவருக்குச் சர்க்கரை நோய். மகள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் வந்து, அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, சமையலறையிலிருந்த சீனி டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதிலுக்கு ஒரு கட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள். பார்க்க அச்சு அசல் சீனி மாதிரியே இருக்கும், தித்திக்கும், ஆனால் உடம்பில் சேராது. அவர் அதற்குப் பொய்ச்சீனி என்று பெயர் வைத்தார். அதன் பிறகு அந்த வீட்டில் மெய்யான சீனி இருந்த ஒரே இடம் புட்டியம்மாவின் அறைதான், ஊட்டக்கூழுக்கென்று வைத்திருந்த தகர டப்பா.

கதையின் திருடர் யாரென்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். புட்டியம்மாவுக்குத் தெரியவில்லை, பாவம்.

ஒட்டுக்காரரின் பண்ணையிலேயே ஒரு சிவப்புக் கள்ளியை வாங்கி வந்தாள். எதிராளியிடமே ஆயுதம் வாங்கியதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம். உருண்டையைக் கழுவி, முள் முளைக்கும் கணு ஒவ்வொன்றோடும் துண்டு துண்டாக வெட்டினாள். கணுவுக்குள் மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். சரியான ஊக்கியைக் காட்டினால் எழுந்துகொள்ளும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சிவப்புத் துண்டு, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே சாதாரணப் பச்சைக் கள்ளித் துண்டு ஒன்று. பச்சை தீர்ந்து போனதால் கடைசிப் புட்டியில் மட்டும் சிவப்பு தனியாக இருந்தது.

முதல் சமையல் பிரமாதம். சிவப்புத் துண்டுகள் உப்பின, மொட்டு எடுத்தன, கூழுக்குள் வெள்ளை வேர் இறக்கின. அவள் தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். கூழில் சத்து குறைந்ததும் புதுக் கூழ் காய்ச்சி எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். கடைசிப் புட்டி மட்டும் புட்டி கழுவும் பிரஷ்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவள் கண்ணிலிருந்து தப்பிவிட்டது.

மாற்றி வைத்த பிறகுதான் பிடித்தது சனியன். சிவப்புகள் வெளிறின. பிறகு சுருங்கின. பிறகு பழுப்பாகி மடிந்தன. பச்சைகள் மட்டும் கொஞ்சம் இளைத்தாலும் தெம்பாக நின்றன.

புட்டியம்மா தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். மாற்றினாள். ஊக்கி அதிகமோ என்று குறைத்தாள். கூழ் தளர்ந்தால் கள்ளியின் உடம்பில் நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதனால் கடற்பாசியைக் கூட்டிப் பார்த்தாள். குக்கரின் ரப்பர் வளையத்தைத் திட்டினாள். ஒவ்வொரு சமையலுக்கும் இன்னும் சில சிவப்புகள் போயின. கணவர் வாசலில் நின்று, "விடும்மா, செடிதானே," என்றார் ஒருநாள். அன்றைக்கு அவருக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

கடைசி சிவப்பும் போன காலையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது, எதிரே புட்டியில் செத்த சிவப்புக்குப் பக்கத்தில் நின்ற பச்சையின் மேல் கண் போனது. ஒரே புட்டி. ஒரே கூழ், ஒரே தண்ணீர், ஒரே விளக்கு. விஷமென்றால் இரண்டும் செத்திருக்க வேண்டும். இவனால் முடிந்து அவனால் முடியாதது என்ன? சமையல். பச்சை வெளிச்சத்தில் தானே சமைத்துக்கொள்ளும். சிவப்புக்கு மொத்தச் சாப்பாடும் கூழில் இருக்கிற சீனியிலிருந்துதான் வர வேண்டும்.

சீனிதான் போட்டேனே, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து தகர டப்பாவைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். தித்தித்தது. கூடவே பச்சைக் கற்பூரம் பட்டது மாதிரி நாக்கு ஜில்லென்றது. சீனி ஜில்லென்று இருக்காது. ஜில்லென்று இருப்பது எது என்று அவளுக்குத் தெரியும், மகளின் பொட்டலத்தை அவளும் ருசி பார்த்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. டீ போட்டாள். அந்த டப்பாவிலிருந்தே தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். தன் டீக்கு இனிப்பைத் தானே கலந்துகொள்கிறவர் அவர்; வீட்டுப் பொய்ச்சீனியெல்லாம் அந்தத் தகர டப்பாவுக்குள்தான் கிடக்கிறது என்று தெரிந்தவருக்கு, இந்த டீயில் இந்த ருசி எப்படி வந்தது என்று உடனே புரிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க," என்றாள் அவள், "டிக்கெட்டக் காட்டுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பம்மா கண்டுபிடிச்ச?"

"இப்பதான். செடிங்க அப்பவே கண்டுபிடிச்சிடுச்சு. எனக்குத்தான் லேட்டு."

"நீ மொதக் கூழ் காய்ச்சினப்புறம்தான் எடுக்க ஆரம்பிச்சேன். டப்பா குறைஞ்சா உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு, எடுக்கற அளவுக்கு இத ரொப்பி வெச்சேன். பொட்டலம் தீரலன்னா பொண்ணுக்கும் சந்தேகம் வரும். இதுவும் இனிப்பாத்தானே இருக்கு, செடிக்கு என்ன தெரியப் போகுதுன்னு…"

"நாக்குக்கு இனிச்சா போதுமா? உடம்புல சேராதுன்னுதானே உங்க பொண்ணு அத உங்களுக்குக் குடுக்குறா. உங்களுக்கே சேராதது அதுங்களுக்கு மட்டும் சேருமா? பந்தியில உக்கார வெச்சு வெறும் இலையக் காட்டியிருக்கேன் நான், இவ்வளவு நாளா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணுகிட்ட சொல்லிடுவியா?"

"மாட்டேன்."

"சங்கத்துல?"

அவள் அவரைப் பார்த்தாள். ஆயுசு பூராவும் திருட்டுப் பயணிகளைப் பிடித்த மனிதர், டீக் கோப்பைக்கு முன்னால் பிடிபட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கோபம் தீரவில்லை. ஆனாலும் பாவமாக இருந்தது, கூடவே பிரியமாகவும் இருந்தது, அந்தப் பிரியத்தின் மேல் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "உங்கள ஊர் முன்னாடி நிறுத்தித்தான் நான் ஜெயிக்கணும்னு இல்ல. போய் அந்தப் புட்டியெல்லாம் கழுவுங்க," என்றாள்.

புட்டி கழுவ பிரஷ் எடுக்கப் போனவர்தான் அந்தக் கடைசிப் புட்டியைக் கண்டெடுத்தார். பழைய கூழ் காய்ந்து அடியில் ஒட்டிப்போயிருந்தது. அதன் மேல், வாடிச் சுருங்கி, ஆனால் சிவப்பாக, உயிரோடு, ஓர் உருண்டை. மெய்யான சீனியின் கடைசித் துளியைச் சப்பிக்கொண்டு அது காத்திருந்தது.

புட்டியம்மா கடைக்குப் போய்ப் புதுச் சீனி வாங்கி வந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினாள். கூழ் காய்ச்சினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு, இடுக்கியால் அதை மெல்லத் தூக்கி மாற்றி வைத்தாள். ஒரு தூசி, ஒரு பூஞ்சணம் விழுந்தால் எல்லாம் முடிந்தது. கணவர் மூச்சை அடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அது பிழைத்தது. சுருக்கம் நிமிர்ந்தது, வேர் ஓடியது, அடிக்கடி புதுக் கூழ் கேட்டது. கண்காட்சி நெருங்கும் சமயத்தில் அதன் இடுப்பில் குட்டி குட்டியாகச் சிவப்புத் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்த நாட்களில் கணவர் சீனி இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். மகள் அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்து, "சூப்பர் அப்பா," என்றாள். அவருக்குப் புரையேறியது.

கண்காட்சி அரங்கில் புட்டியைக் கொண்டுபோய் வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒட்டுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் புட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒட்டு இல்ல. வேர் இருக்கு. ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா ஒரு கேள்வி இருக்கும்மா. வெட்டின துண்டு தன் உடம்புல இருக்கற சத்த வெச்சே கொஞ்ச நாள் இருக்கும், வேரும் விடும். அது தீர்ந்ததும் செத்துடும். இது உங்க கூழத் தின்னுதான் உயிரோட இருக்குன்னு என்ன சாட்சி?"

நியாயமான கேள்வி. பதில் அவளிடம் இருந்தது. சீனி இருந்தபோது வாழ்ந்தன, சீனி போனபோது செத்தன, சீனி வந்ததும் பிழைத்தது. அதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கூடத்திலும் கிடைக்காது. ஆனால் சீனி எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி வருமே. புட்டியம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் கண்ணில் அந்தச் சின்ன அறை வந்து நின்றது.

"சாட்சி நான் இருக்கேன்," என்றார் அவளுடைய கணவர்.

வேலைக்குக் கொண்டுபோன பழைய தோல்பையை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தார். கழுவச் சொன்ன புட்டிகளில் இரண்டை அவர் கழுவவேயில்லை என்பது புட்டியம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டிலும் பச்சை உயிரோடு நின்றது, பக்கத்தில் சிவப்பு வேரோடு மடிந்து கிடந்தது.

"வேண்டாங்க," என்றாள் அவள் மெதுவாக.

"நீ சும்மா இரும்மா." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஓடும் ரயிலில் பேசிப் பழகிய குரல், அரங்கம் முழுக்கக் கேட்டது. "எனக்குச் சீனி கூடாது. இவ கூழுக்கு வெச்சிருந்த சீனியத் திருடித் தின்னேன். தெரியாம இருக்க, உடம்புல சேராத பொய்ச்சீனிய ரொப்பி வெச்சேன். அந்தக் கூழ்ல இருந்த சிவப்பு அத்தனையும் வேரோட செத்துச்சு, இதோ பாருங்க. பச்சைக்கு ஒண்ணும் ஆகல, அது தானே சமைச்சுக்கும். நல்ல சீனியில இருந்தது இது ஒண்ணுதான். இப்பக் குட்டி போட்டு நிக்குது. பட்டினி கெடக்கறது குட்டி போடுமா ஐயா?"

கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்பா!" வேலை முடிந்து சீருடையோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்த மகள்.

"இரும்மா, உன் விசாரணைய வீட்ல வெச்சுக்கலாம். மொதல்ல இத முடிக்கறேன்," என்றார் அவர். அரங்கமே வெடித்துச் சிரித்தது.

ஒட்டுக்காரர் சிரிக்கவில்லை. செத்த சிவப்பையும் குட்டிகளோடு நின்ற சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நேராக நடு மேசைக்குப் போய்த் தன் செடியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். திரும்பி வந்து புட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்தார். "தோத்துட்டேன்மா. இப்படித் தோக்கறதும் நல்லாத்தான் இருக்கு," என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. புட்டியம்மாவுக்குக் கண் நிறைந்து, புட்டி இரண்டாகத் தெரிந்தது. அவள் ஜெயித்துவிட்டாள், அறை அவளுடையதுதான். அதைவிட, சற்று முன் தலைநிமிர்ந்து நின்று திருட்டை ஒப்புக்கொண்ட அந்த மனிதரும் அவளுடையவர்தான். இரண்டில் எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செடிக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு ஒட்டுக்காரர் கேட்டார், "வளர்த்தவர்னு யார் பேர எழுதட்டும்?"

"புட்டியம்மான்னே எழுதுங்க அண்ணே. பெருசா, தூரத்துலருந்து பாத்தாலும் தெரியற மாதிரி." வாய் திரும்பி வந்துவிட்டிருந்தது.

மறுநாள் குட்டிகளைப் பிரித்து வைக்கப் புதுக் கூழ் காய்ச்ச வேண்டியிருந்தது. அதுவரை யாரையும் தொடவிடாத சீனி டப்பாவை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். "நீங்களே நிறுங்க," என்றாள். அவர் தராசுத் தட்டில் தாளை விரித்து, மூச்சுக் காட்டாமல், துளித் துளியாகப் போட்டு நிறுத்தார். விரலில் ஒட்டியதைக்கூட நக்காமல் தாளிலேயே தட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் நீட்டினார்.

அவள் தராசைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், அவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள். "போகலாம்."